ஏரோவா மெக்கானிக்கலா: ஒரே ட்யூஷன்ல படிச்ச ரெண்டு பிள்ளைங்களோட அஞ்சு வருஷம்

+2 ரிசல்ட் வந்த வாரத்துல வருஷா வருஷம் எனக்கு நாலஞ்சு ஃபோன் வந்துடும். "தம்பி நீங்க ஏரோபிளேன் கம்பெனிலதான இருக்கீங்க, பையன் ஏரோதான் படிப்பேன்னு நிக்கிறான், சேர்க்கலாமா?" பத்து நிமிஷ ஃபோன்ல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது. அதனால எனக்கு உள்ளும் புறமும் தெரிஞ்ச ஒரு கேஸை முழுசா எழுதிடறேன். என் அக்கா மகளும், அவளோட ஒரே ட்யூஷன்ல படிச்ச பக்கத்துத் தெரு பையனும் 2020ல ஒண்ணா +2 முடிச்சாங்க, ரெண்டு பேருக்கும் ஆசை ஏரோ மேலதான், கடைசில இவ மெக்கானிக்கல் போனா, அவன் ஏரோ போனான். ரெண்டு பேர் கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதறேன், பேரு மட்டும் வேண்டாம்னாங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி. நான் படிச்சது மெக்கானிக்கல். பெங்களூர்ல ஒரு சர்வீஸ் கம்பெனில விமானத்தோட பாடிக்கு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் பண்றேன், அதாவது இந்தத் தகடு, இந்த ரிவெட், இந்த ஃப்ரேம் வர்ற லோடைத் தாங்குமான்னு கணக்குப் போட்டு கையெழுத்து போடுறது. என் டீம்ல பாதிக்கு மேல மெக்கானிக்கல்காரங்கதான், மீதி ஏரோ. பக்கத்து பக்கத்து சீட், ஒரே வேலை.

ஊரு கோவில்பட்டி. அத்தானுக்கு ஜவுளிக்கடை. பிள்ளைக்கு இந்த ஆசை எப்ப வந்துச்சுன்னா 2019 செப்டம்பர் 7ந்தேதி, சந்திரயான்-2 இறங்குற அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டிவி முன்னாடி உக்காந்திருந்தா, சிக்னல் கட் ஆயிடுச்சு, காலைல அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் சார் அழுததைப் பார்த்து இவளும் அழுதிருக்கா. சிவன் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், சென்னை குரோம்பேட்டைல இருக்கிற எம்ஐடில, அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜில, ஏரோநாட்டிக்கல் படிச்சவர், அதே எம்ஐடில அதே ஏரோதான் கலாமும் படிச்சாரு. அப்ப நானும் அங்க அதைத்தான் படிக்கணும்னு முடிவு பண்ணிட்டா. 1949லயே ஏரோநாட்டிக்கலோட ஆரம்பிச்ச காலேஜ் அது, ஆசைப்படறதுல தப்பே இல்ல.

ரிசல்ட் 2020 ஜூலைல வந்துச்சு. கணக்கு நூறு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பதுன்னு 200க்கு போடற கட்ஆஃப்ல இவளுக்கு 180ஐ ஒட்டி வந்துச்சு. போன வருஷ லிஸ்ட்டை எடுத்து வச்சுப் பார்த்தாலே எம்ஐடி ஏரோ கிடைக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. ஐஐடி, திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி எல்லாம் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதினாத்தான், இவ எழுதல. மிச்சம் இருந்தது ரெண்டு. சென்னைக்கு வெளிய ஒரு பிரைவேட் காலேஜ்ல ஏரோ, ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல. இல்லன்னா திருநெல்வேலி கவர்ன்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல், ஃபீஸ் ரொம்ப கம்மி, ஊர்ல இருந்து ஒரு மணி நேரம்.

இந்த இடத்தை நல்லா கவனிங்க, ஏன்னா நிறைய பேர் இங்கதான் கேள்வியையே தப்பா கேக்கறாங்க. ஏரோவா மெக்கானிக்கலான்னு பொதுவா கேட்டா பதிலே கிடையாது. எந்தக் காலேஜ் ஏரோ, எந்தக் காலேஜ் மெக்கானிக்கல்னு கேக்கணும். எம்ஐடி ஏரோ கையில கிடைச்சிருந்தா நானே மூட்டை கட்டி குரோம்பேட்டைல விட்டுட்டு வந்திருப்பேன், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. விண்ட் டனல், லேப், சீனியருங்க, தக்ஷா ட்ரோன் டீம் மாதிரி விஷயங்க இருக்கிற இடத்துல ஏரோ படிக்கிறது வேற, போர்டுல மட்டும் ஏரோன்னு எழுதி வச்சுட்டு மூலைல ஒரு பழைய இன்ஜினை அறுத்து வச்சிருக்கிற இடத்துல படிக்கிறது வேற.

பிள்ளை ஒத்துக்கல. "மாமா, எங்க படிச்சாலும் ஏரோ ஏரோதான? இஸ்ரோவுல ராக்கெட் செய்யணும்னா ராக்கெட் படிச்சவங்களத்தான எடுப்பாங்க?"

நியாயமான கேள்விதான், கேட்டா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா இஸ்ரோவோட ரெக்ரூட்மெண்ட் போர்டு, அதாவது ஐசிஆர்பி, சயின்டிஸ்ட்/இன்ஜினியர் வேலைக்கு விடற நோட்டிஃபிகேஷனை எடுத்து அவ கையில குடுத்து படிக்கச் சொன்னேன். வழக்கமா மூணே பிராஞ்சுதான் பெருசா வரும், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ். 65 பர்சென்ட் இல்லன்னா 6.84 சிஜிபிஏ வேணும். பி.இ. ஏரோவுக்குன்னு அந்த லிஸ்ட்ல இடம் வர்றது அபூர்வம். அவ முகம் சுருங்கிப் போச்சு, எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா சேர்ந்த பிறகு மூணாவது வருஷத்துல இதைப் படிச்சு அழறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கட்டும்னுதான் காட்டினேன்.

ஏன் அப்படின்னும் சொன்னேன். ஒரு ராக்கெட்ல காத்து எப்படி பாயுது, பாதை எப்படிங்கிற கணக்கு பாக்கறவங்க ஒரு பங்குதான். டேங்க்கை வெல்டு பண்றது, வால்வு, பம்ப்பு, பேரிங், டெஸ்ட் ஸ்டேண்டு, மெட்டீரியல், வைப்ரேஷன் டெஸ்ட், ஹீட் டிரான்ஸ்ஃபர், இது எல்லாம் மெக்கானிக்கல்காரன் பாக்கற வேலை. மகேந்திரகிரி இஸ்ரோ சென்டர்ல ராக்கெட் இன்ஜினை கட்டிப் போட்டு எரிய விடறாங்களே, அங்க குழாய்லயும் வால்வுலயும்தான் பாதி உயிர் இருக்கு. அப்ப இஸ்ரோவோட ராக்கெட் சென்டரான திருவனந்தபுரம் விஎஸ்எஸ்சிக்கு டைரக்டரா இருந்த சோம்நாத் கொல்லத்துல பி.டெக் மெக்கானிக்கல் படிச்சுட்டு, அப்புறம்தான் பெங்களூர் ஐஐஎஸ்சில ஏரோஸ்பேஸ் மாஸ்டர்ஸ் பண்ணாரு. சந்திரயான்-1 மயில்சாமி அண்ணாதுரை எலக்ட்ரானிக்ஸ். சிவன் வந்த பாதை ஒண்ணு, ஆனா பாதை அது ஒண்ணு மட்டும் இல்ல.

வெளிய மத்த வேலைங்களையும் எடுத்துப் போட்டோம். யுபிஎஸ்சி இன்ஜினியரிங் சர்வீஸ் எக்ஸாம் நாலே பிரிவுலதான் நடக்குது, சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ். ஏரோ டிகிரி வச்சிருக்கவங்களும் எழுதலாம், ஆனா பேப்பர் மெக்கானிக்கல் பேப்பர்தான் எழுதணும். கரண்டு தயாரிக்கற என்டிபிசி மாதிரி கவர்ன்மெண்ட் கம்பெனிங்க, எம்.டெக் சேர எழுதற கேட் எக்ஸாம் ஸ்கோரை வச்சு ஆள் எடுக்கறப்ப கேக்கறது மெக்கானிக்கல். ஏரோவுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லல, கேட்ல ஏரோஸ்பேஸுக்கு தனி பேப்பர் இருக்கு, ராணுவ ஆராய்ச்சி பண்ற டிஆர்டிஓ சயின்டிஸ்ட் ‘பி’ எடுக்கறப்ப ஏரோநாட்டிக்கலுக்கு தனியா போஸ்ட் வரும். ஆனா எண்ணிக்கைன்னு பார்த்தா கம்மி. இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, மெக்கானிக்கல் படிச்சவன் எம்.டெக்குக்கு ஏரோஸ்பேஸ் போற வழி நல்லா திறந்து கிடக்கு, ஐஐடி ஏரோ டிபார்ட்மெண்ட்ல மெக்கானிக்கல் கேட் ஸ்கோரோட வந்து படிக்கறவங்க நிறைய பேரு, ஏரோ படிச்சவன் பவர் பிளாண்ட்டுக்கோ பம்ப்பு கம்பெனிக்கோ போகணும்னா இன்டர்வியூவுக்கு முன்னாடியே ஹெச்ஆர் ஃபில்டர்ல நின்னுடறான்.

வெளிநாட்டுக் கனவு இருந்தா இன்னொண்ணும் சேர்த்துக்கங்க. அமெரிக்கா போய் ஏரோஸ்பேஸ் எம்எஸ் படிச்சுட்டு அங்கயே ராக்கெட் கம்பெனில சேர்ந்துடலாம்னு நிறைய பசங்க நெனைக்கறாங்க. அங்க ஐடார்னு ஒரு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ரூல் இருக்கு, ராக்கெட், மிலிட்டரி விமானம் மாதிரி வேலைக்கெல்லாம் சிட்டிசன் இல்லன்னா கிரீன் கார்டு கேப்பாங்க. ஸ்டூடண்ட் விசால போன பிள்ளைக்கு டிகிரி முடிச்ச கையோட அந்தக் கதவு மூடியிருக்கும். அதே ஊர்ல மெக்கானிக்கல்காரனுக்கு கார், ஏசி, மெடிக்கல் மெஷின், செமிகண்டக்டர்னு நாலு பக்கம் வழி இருக்கும்.

அத்தானோட கவலை வேற. "மாப்ள, பொம்பளப் பிள்ள மெக்கானிக்கல் படிச்சா கம்பெனில சேக்க மாட்டாங்கன்னு சொல்லுதாங்க, அதுக்கு அந்த மெட்ராஸ் காலேஜ்லயே போடுவோம், அவங்க ஆளு வந்து சொல்லுதாரு, ஏரோ முடிச்சா நேரா ஏர்போர்ட்லயே வேலையாம்."

இந்த ஏர்போர்ட் கதையைக் கேட்டாத்தான் எனக்கு கோபம் வரும், ஏன்னா தெரிஞ்சே சொல்றாங்க. ஏர்போர்ட்ல விமானத்தைச் செக் பண்ணி பறக்கலாம்னு கையெழுத்து போடறவர் ஏரோநாட்டிக்கல் பி.இ. கிடையாது, அவர் ஏஎம்இ, ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கற அரசு அமைப்பான டிஜிசிஏ குடுக்கற லைசென்ஸ் அது, தனி பரீட்சை, ஹேங்கர்ல தனி அனுபவம், பி1, பி2ன்னு கேட்டகிரி, பாடியும் இன்ஜினும் ஒண்ணு, எலக்ட்ரானிக்ஸ் இன்னொண்ணு. நாலு வருஷம் பி.இ. ஏரோ படிச்சு கோல்ட் மெடலே வாங்கினாலும் அந்த லைசென்ஸ் இல்லாம ஒரு டயர் மாத்தினதுக்குக் கூட கையெழுத்து போட முடியாது. விமானத்தை டிசைன் பண்றது ஒரு படிப்பு, பராமரிக்கறது ஒரு படிப்பு, ஓட்டறது ஒரு படிப்பு, மூணையும் ஒரே பையில போட்டு வித்துடறாங்க. எத்தனையோ அப்பாக்கள் இதை நம்பி நிலத்தை வித்துருக்காங்க. அத்தானை உக்கார வச்சு இதை மூணு தடவை சொன்னேன். பொம்பளப் பிள்ளை விஷயம் அவர் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஷிஃப்ட் வேலைக்கு எடுக்கத் தயங்கற இடங்க இன்னும் இருக்குது, ஆனா டிசைன், குவாலிட்டி, அனாலிசிஸ்னு என் ஆபீஸ்லயே எத்தனை பொண்ணுங்கன்னு லிஸ்ட் போட்டுக் காட்டினேன்.

அட்டைக் குழாய்

இவ்ளோ சொல்லியும் பிள்ளை மனசு முழுசா திரும்பல, திரும்பணும்னு நானும் நெருக்கல. வேலை கிடைக்கும் கிடைக்காதுன்னு மட்டும் பேசி ஒரு பிள்ளையோட ஆசையை மடக்கிடக் கூடாது. ஏரோன்னா உள்ள என்ன படிப்பாங்கன்னு ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கட்டும்னு நெனச்சேன். கடைல பிளவுஸ் துணி சுத்தி வர்ற அட்டைக் குழாய் கிடந்துச்சு, அதுல ரெண்டு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணை அவ கையில குடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு முறுக்குன்னேன். முறுக்க வரல. இன்னொண்ணை துணி வெட்டற கத்தியால நீளவாக்குல ஒரே ஒரு கோடு வெட்டினேன், அட்டைய கொஞ்சம் கூட எடுக்கல, கோடு மட்டும்தான். இப்ப முறுக்குன்னேன். ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கிச்சு, வெட்டின ரெண்டு ஓரத்துல ஒண்ணு மேல ஏறுது, இன்னொண்ணு கீழ இறங்குது. அவ அப்படியே நின்னுட்டா.

ஆரம் 20 மில்லிமீட்டர், கனம் 2 மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டா மூடின குழாய் திறந்த குழாயை விட முறுக்கத்துல சுமாரா 300 மடங்கு விறைப்பு. ஆரத்தை கனத்தால வகுத்து, வர்க்கம் எடுத்து, மூணால பெருக்கணும், அவ்ளோதான் கணக்கு. விமானத்தோட உடம்பும் இதே மூடின குழாய்தான், அதுல ஒரு கதவு வைக்கணும்னு வெட்டினோம்னா இந்தக் கத்திக் கோடு மாதிரிதான் ஆயிடும், அதனாலதான் கதவைச் சுத்தி இருக்கிற ஃப்ரேம் எல்லாம் அவ்ளோ தடிமனா இருக்கும், இறக்கைக்குள்ள பெட்டி மாதிரி மூடி வைக்கறதும் அதுக்குத்தான். நான் தினமும் பாக்கற வேலை இதுதான்னு சொன்னேன்.

அவ கேட்டா, "இது மெக்கானிக்கல்ல வருமா மாமா?"

பொய் சொல்லல. மெக்கானிக்கல்ல ஷாஃப்ட் முறுக்கம் வரைக்கும் நல்லா சொல்லித் தருவாங்க, மெல்லிசான தகடு, முறுக்கறப்ப தகடு வழியா விசை ஓடற ஷியர் ஃப்ளோ, தகடு மடங்கறது இதெல்லாம் ஏரோவுல ஏர்கிராஃப்ட் ஸ்ட்ரக்சர்ஸ்னு தனி பேப்பராவே வரும். நான் இதையெல்லாம் வேலைக்கு வந்த பிறகுதான் ஒரு ஏரோ சீனியர் பக்கத்துல உக்காந்து ஆறு மாசம் படிச்சேன். ஏரோடைனமிக்ஸ், ப்ரொபல்ஷன், ஃப்ளைட் டைனமிக்ஸ் எல்லாம் அவங்களுக்கு ரத்தத்துல ஊறியிருக்கும், நமக்கு புஸ்தகத்துல தேடணும். அதுக்கு பதிலா மெக்கானிக்கல்ல மெஷின் டிசைன், துல்லியமா அளக்கற மெட்ராலஜி, வெட்டறது கடையறது வெல்டு பண்றதுன்னு ஒரு பொருளை செஞ்சு முடிக்கிற படிப்பு கிடைக்கும், அது ஏரோ பசங்களுக்கு கம்மி. முதல் ரெண்டு வருஷம் கணக்கு, டிராயிங், தெர்மோ, ஃப்ளூயிட்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்னு பாதிக்கு மேல ஒண்ணாத்தான் போகும்.

"அப்ப காத்து வேணுமா பொருள் வேணுமான்னு கேக்குறீங்க"ன்னா. அப்படி ஒரு வாக்கியமா எனக்கே தோணினது இல்ல.

அக்டோபர் கவுன்சிலிங்ல திருநெல்வேலி மெக்கானிக்கலை முதல் சாய்ஸா அவளேதான் போட்டா. அவ கடைசியா சொன்ன காரணம் அப்பா காசு, அதையும் மறைக்காம எழுதிடறேன். பின்னாடி தங்கச்சி ஒருத்தி படிக்கணும், ஆறேழு லட்சம் கடன் வாங்கி படிச்சா கிடைச்ச வேலைல குதிக்க வேண்டி வரும், கடன் இல்லன்னா புடிச்ச வேலைக்காக ஒரு வருஷம் காத்திருக்கலாம்னு சொன்னா. பதினேழு வயசு பிள்ளை.

பக்கத்துத் தெரு பையன் பிரைவேட் காலேஜ்ல ஏரோதான் சேர்ந்தான். அவன் கேஸ் வேற, அவன் எட்டாவதுல இருந்தே தெர்மாகோலை வெட்டி கிளைடர் பண்ணி மொட்டை மாடில இருந்து விட்டுக்கிட்டு இருந்தவன், மோட்டார் வாங்க தீபாவளிக் காசை சேர்த்து வச்சவன். அவன்கிட்ட நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல.

என்ன ஆச்சு

முதல் வருஷம் ரெண்டு பேருக்குமே ஃபோன்லதான் காலேஜ், கொரோனா. ஒர்க்ஷாப் பாடத்தை வீடியோல பாத்தாங்க, டிராயிங் போர்டை கட்டில் மேல வச்சு படம் போட்டு ஃபோட்டோ எடுத்து அனுப்பினாங்க. அதே நேரத்துல என் பக்கத்துலயும் அடி விழுந்துச்சு. போயிங் 737 மேக்ஸ் விமானத்தை 2019 மார்ச்லயே பறக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, அது மேல கொரோனா வந்து விமானம் வாங்கறவங்களே இல்ல, 2020 ஜூன்ல எங்க டீம்ல பாதிப் பேருக்கு பிராஜெக்ட் இல்ல. என்னை ஒரு டிராக்டர் பிராஜெக்ட்டுக்கு மாத்தினாங்க, எட்டு மாசம் ஓட்டினேன். எங்க டீம்லயே என்னை விட கெட்டிக்காரனான ஒரு ஏரோ பையன், அவனை அந்த கிளையண்ட் ரெஸ்யூமே பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க, ஒரே சாஃப்ட்வேர், ஒரே கணக்கு, டிகிரி பேரு மட்டும்தான் வேற. அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறல. அக்கா மகளுக்கு நான் குடுத்த யோசனைல இந்த பயமும் கலந்திருந்துச்சுங்கறதை ஒத்துக்கறேன், விமானத் தொழில் ஏறினா மலை மேல ஏறும், இறங்கினா கிணத்துக்குள்ள இறங்கும், அந்த நேரத்துல வேற தொழிலுக்கு ஒதுங்க இடம் வேணும்.

2023 ஆகஸ்ட் 23 சந்திரயான்-3 இறங்கின அன்னிக்கு சாயங்காலம் ஹாஸ்டல்ல இருந்து ஃபோன் பண்ணினா, பின்னாடி ஒரே கூச்சல். பிராஜெக்ட் டைரக்டர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், மெக்கானிக்கல் டிப்ளமோல ஆரம்பிச்சு சென்னைல பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு, திருச்சில முதுகலை, ஐஐடி மெட்ராஸ்ல பிஹெச்டி வரைக்கும் போனவர். "மாமா டிப்ளமோ மாமா, டிப்ளமோ"ன்னு அதையே திரும்பத் திரும்ப சொன்னா. பத்து நாள் கழிச்சு ஆதித்யா-எல்1 போச்சு, அதோட பிராஜெக்ட் டைரக்டர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரங்க, இவ படிக்கிற அதே திருநெல்வேலி காலேஜ்லதான் எலக்ட்ரானிக்ஸ் முடிச்சவங்க. காலேஜே திருவிழா மாதிரி இருந்துச்சாம். இப்ப 2025 ஜனவரில இருந்து இஸ்ரோ தலைவரா இருக்கிற நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டம், அவரும் மெக்கானிக்கல் டிப்ளமோல தொடங்கி, ஐஐடி கரக்பூர்ல கிரையோஜெனிக், அப்புறம் ஏரோஸ்பேஸ்ல பிஹெச்டி.

ஆனா இவ இஸ்ரோ போகல. மூணாவது வருஷம் மெட்ராலஜி லேப்ல மைக்ரான் கணக்குல அளக்கறது இவளுக்கு அப்படிப் புடிச்சுப் போச்சு, கேட் எழுதினா, ஸ்கோர் சுமாரா வந்துச்சு, எம்.டெக்கை அப்புறம் பாத்துக்கலாம்னு ஓசூர்ல விமானத்துக்கு டைட்டானியம், அலுமினியம் பார்ட்ஸ் கடையற ஒரு கம்பெனில குவாலிட்டி இன்ஜினியரா சேர்ந்துட்டா. சிஎம்எம்னு ஒரு அளவு எடுக்கற மெஷின்ல ஒவ்வொரு ஹோலா தொட்டு அளந்து ரிப்போர்ட் போடறதுதான் வேலை. அத்தான் பயந்த மாதிரி ஒண்ணும் ஆகல, அந்த செக்‌ஷன்ல நாலு பொண்ணுங்க.

அந்தப் பையனுக்கு கேம்பஸ்ல கோர் கம்பெனி, அதாவது படிச்ச துறையிலயே வேலை குடுக்கற கம்பெனி, ஒண்ணு கூட வரல. வந்ததெல்லாம் ஐடி. பதினோரு மாசம் ராத்திரி ஷிஃப்ட்ல சப்போர்ட் வேலை பாத்தான், ரொம்ப ஒடைஞ்சு போயிட்டான், அவங்கம்மா எங்கக்காகிட்ட வந்து அழுதாங்க. ஆனா ராத்திரி வேலை, பகல்ல தூக்கம் போக மிச்ச நேரத்துல ட்ரோனுக்கு ஃப்ளைட் கண்ட்ரோலர் ட்யூன் பண்ணிக்கிட்டே இருந்தான், அந்த வீடியோக்களை பாத்துட்டு சென்னைல ஒரு சின்ன ட்ரோன் கம்பெனில கூப்பிட்டாங்க. சம்பளம் ஐடியை விட கம்மி, கல்விக் கடன் இன்னும் ஓடுது. போன பொங்கலுக்கு ஊர்ல பாத்தப்ப கேட்டேன், இப்ப மறுபடி சாய்ஸ் குடுத்தா என்னடா எடுப்பன்னு. "ஏரோதான்ணே. ஆனா காலேஜை மாத்துவேன்"னான். ஏரோடைனமிக்ஸ் தெரிஞ்சதாலதான் ப்ரொப்பெல்லர் மாத்தி ட்ரோனை பத்து நிமிஷம் அதிகமா பறக்க வச்சேன்னு படம் போட்டு விளக்கினான், நான் பதினஞ்சு வருஷமா விமான வேலை பாக்கறவன், எனக்கு அதுல பாதி புதுசு.

திரும்பிப் பாக்கறப்ப ஒண்ணு செஞ்சிருக்கணும்னு தோணுது. பையனையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தக் காலேஜ்ல நாலாவது வருஷம் படிக்கற பசங்க ரெண்டு பேர்கிட்ட பேச வச்சிருக்கணும், அவனுக்கு ஆசை இருக்குன்னு மட்டும் பாத்தேன், காலேஜை விசாரிக்கல. கேம்பஸ்ல யாரு வந்தாங்க, லேப்ல விண்ட் டனல் ஓடுதா இல்ல துணி போட்டு மூடியிருக்கா, வாத்தியார்ல எத்தனை பேரு ஏரோ படிச்சவங்க, இது மூணையும் கேட்டிருந்தா போதும். இப்ப ஃபோன் பண்றவங்க எல்லார்கிட்டயும் நான் முதல்ல கேக்கறது இதைத்தான்.

போன மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா மகள் ஃபோன். "மாமா, எந்த பார்ட்டு, யாருக்குன்னு சொல்ல மாட்டேன், பொதுவா ஒரு சந்தேகம். 4.8 ரிவெட்டு, ஓரத்துல இருந்து ஹோல் சென்டருக்கு விட்டத்தைப் போல ரெண்டு மடங்கு, 9.6 இருக்கணும். 9.1தான் வருது. அரை மில்லி. ஸ்கிராப்னு போட்டா அந்த பீஸு அம்புட்டு மணி நேரம் மெஷின்ல இருந்தது வீணாப் போயிடும். அப்படியே விடலாமான்னு கன்செஷன் கேட்டு அனுப்பினா உங்க மாதிரி ஸ்ட்ரெஸ்காரங்க என்ன பாப்பீங்க?"

லோடு எந்தப் பக்கம் இழுக்குது, ஓரத்தைப் பாத்தா இல்ல உள்பக்கமான்னு கேட்டேன். பேப்பரை எடுத்துட்டு வர்றேன் மாமா, இருங்கன்னு வச்சுட்டுப் போனா. நானும் எடுத்துட்டு வந்து உக்காந்தேன். முடிக்கறப்ப பத்தே முக்கால்.